எட்டாம் வேற்றுமை

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் முள்ளுக்குறிச்சி. குறிச்சி என்பது பழந்தமிழில் குறிஞ்சி நிலத்து ஊருக்கு வழங்கிய பெயர். அதன் முன்னே ஒரு முள்ளும் சேர்ந்து நிற்பதால், பெயரைப் பிரித்த மாத்திரத்தில் காரணம் கைக்குக் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பகுத்துச் சொல்வார். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் காரண இடுகுறிப்பெயருக்கு முள்ளி என்னும் செடியின் பெயரை எடுத்துக்காட்டாகத் தருவது வழக்கம். முள் உள்ள செடிகளெல்லாம் முள்ளி ஆகிவிடுவதில்லை. காரணம் பலவற்றுக்குப் பொருந்தினாலும் பெயர் ஒன்றிற்கே நிலைத்துவிட்டது. தமிழாசிரியனாக இருந்த முப்பது ஆண்டுகளும் இப்பாடத்தை நான் சலிப்பின்றி நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் எளிதில் விளங்கும். ஊர்ப் பெயரையே சொல்லிக் காட்டலாம் அன்றோ!

ஆனால் ஒரு பெயருக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை நான் இலக்கண நூலில் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு சிறுவர்களிடம் கற்றேன். இருவரும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். இருவருக்கும் இடையில் பத்தொன்பது ஆண்டுகள்.

இரண்டாமவனை முதலில் சொல்லுகிறேன். 2015ஆம் ஆண்டில் 'பாகுபலி' திரைப்படம் வெளிவந்தது. அப்படத்தில் காலகேயர் என்னும் கூட்டத்தார் போருக்கு வருவார்கள். அவர்கள் பேசுவதற்கென்றே பாடலாசிரியர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்னும் மொழி ஒன்றைப் படைத்தார். ஏறத்தாழ எழுநூற்றைம்பது சொற்களும் நாற்பது இலக்கண விதிகளும் கொண்ட மொழி அது. முன்பு ஆஸ்திரேலியாவில் இருந்தபோது குழந்தைகளோடு விளையாட்டாகத் தொடங்கிய ஒரு முயற்சியே அதற்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மொழியில் 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. என்னைத் திருப்பினால் நீ வருகிறாய் என்பது எவ்வளவு அழகிய கற்பனை! நான் மனமாரப் பாராட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். அந்த நாள்களில் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு கிளிக்கி பேசுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பேன். ஒருநாள் அவர்களுள் ஒருவன், மலையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த சிறுவனைக் காட்டி, "ஐயா, இவன் பேசறதே கிளிக்கிதான், இவன் காலகேயன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மலைத்தமிழின் இழுப்பும் மடிப்பும் அவர்களுக்கு வேற்றுமொழியாகப் பட்டிருந்தன. அச்சிறுவன் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் வந்த ஞாயிறுகளில் செபத்தைக்கூட உதட்டளவில்தான் சொன்னான்.

நான் மற்றப் பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன். காலகேயர் என்பது பாரதக் கதையில் அசுரர் குலத்தின் பெயர் என்றும், மலையாளி என்பது மலையை ஆள்பவர் என்னும் அருமையான காரணப்பெயர் என்றும், கொல்லிமலையின் பழங்குடியினர் அப்பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள் என்றும் விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். இரவு படுத்தபிறகுதான் முதலாமவன் நினைவுக்கு வந்தான். உறக்கம் போயிற்று.

அது 1996. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிற்கு 'எங்கள் நிலம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதில் பாதிக்கு மேல் பெயர்கள். கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை; பெருங்கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு; செந்தினை, பெருந்தினை, மூக்கன்தினை, கோரன்தினை. எது முந்தி விளையும், எது மழை பொய்த்தாலும் தாங்கும் என்றெல்லாம் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் பெயர்களை அடித்துவிட்டு, ஓரத்தில், "சாமை, கேழ்வரகு, தினை என்றால் போதும். வீண் சொற்கள் வேண்டா" என்று எழுதினேன். வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். அவன் நல்ல மாணவன், சொன்னதைக் கேட்டுக்கொண்டான். அடுத்த கட்டுரையில் மூன்று சொற்களே இருந்தன.

திண்ணையில் சிரித்த பிள்ளைகளுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் விளையாட்டாகச் செய்ததை நான் மதிப்பெண்ணோடு செய்திருந்தேன்.

மனிதர் தாமே ஒரு மொழியைச் செய்துகொள்ளும்போது அதில் பெயர்ச்சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்கலானேன். குற்றவுணர்வு ஒருவனைப் புத்தகத்தின் பக்கம் தள்ளுவதும் இறைவனின் ஒரு வழிதான் போலும்.

தேடியபோது முதலில் வியப்பளித்தது, நம் திருச்சபையின் புனிதை ஒருவரே இத்துறைக்கு முன்னோடியாக இருப்பது. 1098 முதல் 1179 வரை செருமனியில் வாழ்ந்த பிங்கன் நகர் ஹில்டெகார்டு, துறவு மடத்தின் தலைவி; காட்சிகள் கண்டவர், இசை அமைத்தவர், மருந்துச் செடிகளை ஆராய்ந்தவர். 2012ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவர் 'லிங்குவா இக்னோட்டா', அதாவது அறியப்படாத மொழி என்ற பெயரில் ஏறத்தாழ ஆயிரத்துப் பதினொரு சொற்களை உருவாக்கினார். அவற்றை எழுதத் தனி எழுத்துகளும் வகுத்தார். அச்சொற்களில் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே உண்டு. வினைச்சொற்களைத் தேடினாலும் கிடைக்கா. 'அய்கோன்ஸ்' என்றால் கடவுள். 'பெவெரிஸ்' தந்தை, 'மாயிஸ்' தாய். 'ஹில்ஸ்' என்பதை முன்னே ஒட்டினால் 'ஹில்ஸ்பெவெரிஸ்' மாற்றாந்தந்தை, 'ஹில்ஸ்மாயிஸ்' மாற்றாந்தாய். நாம் சிறு என்பதை ஒட்டிச் சிற்றப்பன் என்று ஆக்கிக்கொள்வதுபோல அவரும் ஒட்டுச்சொல் ஆக்கினார். வேற்றுமை உருபுகளை மட்டும் அவர் புதிதாகச் செய்யவில்லை. தம் பாடல் ஒன்றில் இச்சொற்களில் சிலவற்றை அமைத்தபோது, இலத்தீன் உருபுகளையே அவற்றுக்கு அணிவித்தார். புதிய பெயர்கள், பழைய ஆடை.

அந்தப் பட்டியலின் வரிசையே என்னை நிறுத்தியது. கடவுளில் தொடங்கி, வானதூதர், புனிதர், மனிதர், உறவுமுறை என்று இறங்கி, உடலுறுப்புகள், நோய்கள், ஆலயப் பொருள்கள், ஆடைகள், கருவிகள், மரங்கள், செடிகள், பறவைகள் என்று போய், பூச்சிகளில் வந்து சேர்கிறது. ஒரு துறவியார் தம் மறைமொழியில் பூச்சிக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். நானோ, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த தானியங்களின் பெயர்களை அடித்தவன்.

இரண்டாமவரும் நம்மவரே. யோகான் மார்ட்டின் ஷ்லேயர் செருமனியின் பாடன் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. 1879ஆம் ஆண்டில் உறக்கமற்ற ஓர் இரவில், உலக மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு மொழியை உருவாக்கும்படி இறைவன் தம்மைத் தூண்டியதாக அவர் நம்பினார். அதன் பெயர் 'வொலாபூக்'. ஆங்கிலத்தில் உலகத்தைக் குறிக்கும் 'வேர்ல்ட்' என்பதிலிருந்து 'வொல்'. பேச்சைக் குறிக்கும் 'ஸ்பீச்' என்பதிலிருந்து 'பூக்'. இடையில் நிற்கும் 'அ' ஆறாம் வேற்றுமை உருபு. ஆக, உலகத்தினது பேச்சு. வொல் என்றால் உலகம், வொலா உலகத்தினது, வொலே உலகத்திற்கு, வொலி உலகத்தை. எந்தப் பெயரும் இவ்விதியை மீறாது. நம் தமிழிலோ மரம் என்பது மரத்தை என்றும், ஆறு என்பது ஆற்றை என்றும் உருபேற்குமுன் உருமாறும்; சாரியை வேறு வந்து புகும். ஷ்லேயரின் மொழியில் அத்தொல்லை இல்லை. 'ர' ஒலி பலருக்குக் கடினம் என்று கருதி அதைப் பெரிதும் விலக்கினார். அதனால் ரோசாவின் பெயர் 'லொல்' ஆயிற்று. தாய்மொழிச் சொல்லிலிருந்து பிறந்தும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத பிள்ளைகள் அச்சொற்கள்.

சில ஆண்டுகளில் அம்மொழி ஐரோப்பாவெங்கும் பரவியது. 1889இல் பாரிசில் நடந்த மாநாடு முழுவதும் வொலாபூக்கிலேயே நடைபெற்றது. ஆயினும் இலக்கணத்தை எளிமையாக்க வேண்டும் என்று கற்றவர்கள் கேட்டபோது, தம் இசைவின்றி எதையும் மாற்றக்கூடாது என்று ஷ்லேயர் நின்றார். கூட்டம் பிளந்தது, மொழி விரைவில் தளர்ந்தது. நல்ல மனத்தோடு தொடங்கிய ஒரு குருவின் உழைப்பு, விட்டுக்கொடுக்க இயலாத ஓர் இடத்தில் முறிந்தது.

அதே காலத்தில், 1887இல், வார்சாவில் சாமென்ஹாஃப் என்னும் யூத மருத்துவர் 'எஸ்பெராண்டோ'வை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டாக் நகரில் போலந்தியர், உருசியர், செருமானியர், யூதர் எனப் பலர் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் பகைத்தனர். அந்தப் புண்ணுக்கு மருந்தாகவே அவர் மொழியை எண்ணினார். எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'ஓ' என்று முடியும். 'ஆர்போ' மரம், 'ஆர்போய்' மரங்கள், 'ஆர்போய்ன்' மரங்களை. பகுதி, பன்மை, உருபு என்று நம் தமிழ் அடுக்கும் அதே ஒழுங்கு! ஆனால் 'பத்ரோ' தந்தை என்றால், அதனோடு பெண்பால் ஒட்டுச் சேர்த்துத் தாயைப் 'பத்ரினோ' என்கிறார்கள். தந்தையின் பெயரிலிருந்து தாயின் பெயரை உண்டாக்கும் இடத்தில் மட்டும் ஹில்டெகார்டு அம்மையாரின் 'மாயிஸ்' எனக்கு நெருக்கமாகப்படுகிறாள்.

சாமென்ஹாஃப் தம் முதல் நூலிலேயே, மொழி எல்லாருக்கும் பொதுச் சொத்து என்று சொல்லித் தம் உரிமைகளை விட்டுவிட்டார். ஷ்லேயர் இறுகப் பிடித்தார். இவர் கையைத் திறந்தார். இன்றும் எஸ்பெராண்டோ பேசுவோர் உலகெங்கும் உண்டு. கத்தோலிக்க எஸ்பெராண்டோ சங்கம் 1910இலேயே தோன்றியது. வத்திக்கான் வானொலியும் அம்மொழியில் ஒலிபரப்பியிருக்கிறது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தாலன்றிப் பலன் தராது என்னும் நற்செய்தி இலக்கணத்துக்கும் பொருந்துகிறது என்பதை அன்று கண்டேன்.

தொலைவில் ஏன் போகவேண்டும்? நாம் செபிக்கும் தமிழிலேயே ஆக்கிய பெயர்கள் எத்தனை! தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606இல் மதுரைக்கு வந்தார். 1623இல் எங்கள் கொல்லிமலையின் அடிவாரமான சேந்தமங்கலத்திற்கும் வந்திருக்கிறார். அவர் காலத்தில் மறையின் உண்மைகளைச் சொல்ல இம்மண்ணில் ஆயத்தமான பெயர்கள் இல்லை. போர்த்துகீசியரின் 'குருசு' ஒருபுறம். சீரிய மொழி வழியாக வந்த 'சிலுவை' மறுபுறம். அவர் வடமொழியும் தமிழும் கலந்து பெயர்களைத் தேர்ந்தார். கடவுள் சர்வேசுரன் ஆனார். என் பாட்டி 'இஸ்பிரீத்து சாந்து' என்றுதான் சிலுவை அடையாளம் வரைவார். அம்மா 'பரிசுத்த ஆவி' என்பார். நான் 'தூய ஆவி' என்கிறேன். பூசை திருப்பலியாயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமாயிற்று. இவற்றுள் எந்தப் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து ஆக்கியவையே. ஆயினும் என் பாட்டியின் நாவில் அந்த அயற்சொல் கொச்சையாகவும் இல்லை, செயற்கையாகவும் இல்லை. அவர் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். அதைச் சொல்லி எங்கள் நெற்றியில் கைவைத்திருக்கிறார். பெயரின் பிறப்பு அதன் உயிரைத் தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொண்டு யாரையோ அழைக்கும் வரை, மிகச் சீரான இலக்கணம் உடைய பெயரும் அகராதியில் உறங்குவதுதான்.

இப்போது அந்த மாணவனின் பெயர்களுக்குத் திரும்புகிறேன். நான் வீண் என்று அடித்த சொற்களை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், மலைமக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்து, விதைகளையும் அம்மக்களோடு சேர்ந்து காத்துவந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர்கள் கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கியதும் அந்தத் தொண்ணூறுகளிலேயே. அப்பெயர்களின் இலக்கணத்தை இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறேன். செம்மை, பெருமை, வெண்மை என்னும் பண்புகள் முன்னே ஒட்டிப் பிறந்தவை சில. மூக்கன்தினையைப் பாருங்கள்! மூக்கை உடையவன் மூக்கன். 'அன்' உயர்திணை ஆண்பால் விகுதி. அஃறிணையாகிய ஒரு தானியத்திற்கு, வீட்டுப் பிள்ளைக்குச் செல்லப்பெயர் வைப்பதுபோல், உயர்திணை விகுதியை வைத்திருக்கிறார்கள். தினைக்கு உயர்திணை கொடுத்த அந்த மக்களின் பிள்ளையிடம்தான் நான் இலக்கணம் பேசினேன்.

இரண்டாமவனின் மௌனத்திற்குப் பிறகு முதலாமவனைத் தேடினேன். ஒருநாள் இராசிபுரம் பேருந்தில் எதிர்பாராமல் கண்டேன். நடுவயதை நெருங்கியிருந்தான். "தமிழய்யா" என்று எழுந்து இடம் கொடுத்தான். நிலத்தில் என்ன போடுகிறாய் என்றேன். "எல்லாம் குச்சிக்கிழங்குதான் ஐயா. சவ்வரிசி ஆலைக்குப் போகுது. சாமையை யாரு குத்தறது?" என்றான். உண்மைதான், மரவள்ளி பணம் தருகிறது, சாமையை உமி நீக்கக் குத்துவதோ பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அவனைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? தயங்கித் தயங்கி அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டேன். பெயர்களை மீண்டும் சொல்லச் சொன்னேன். மூன்று சொன்னான். நான்காவதற்கு நெற்றியைத் தேய்த்தான். "எங்க பாட்டிக்குத்தான் எல்லாம் தெரியும் ஐயா. அது போயிடுச்சு" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கட்டுரையே நினைவில் இல்லை. எனக்குத்தான் இருந்தது. மன்னிக்கப்படுவதற்குக்கூட இடமில்லாத ஒரு பிழை அது.

தொல்காப்பியர் வேற்றுமையை ஏழு என்று சொல்லி, விளியோடு சேர்த்து எட்டு என்பார். அந்த எட்டாவதற்கு 'விளிமரபு' என்று ஓர் இயலையே ஒதுக்கினார். மனிதரின் பெயர்கள் மட்டுமல்ல, அழைக்கும் நிலை வந்தால் அஃறிணைப் பெயர்களும் விளியேற்கும் என்று அங்கே விதிக்கிறார். விளி வேற்றுமைக்குத் தனி உருபு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். பெயர் தானே சற்று நீண்டோ, குறைந்தோ, திரிந்தோ அழைப்பாகிவிடும். மரியா என்பது மங்கள வார்த்தை செபத்தில் மரியே ஆகிறதே, அதுபோல. ஐயும் ஆலும் குவ்வும் இன்னும் பொருளைப் பற்றிப் பேசுகின்றன. விளி ஒன்றுதான் பொருளோடு பேசுகிறது.

தொடக்க நூலில் இறைவன் உயிரினங்களை ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். அவன் இட்ட பெயரே அதன் பெயராயிற்று. இறைவன் திருத்தவில்லை. பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேசவைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் சொந்த மொழியிலேயே கேட்டார்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் கல்லறையருகே அழுதுகொண்டிருந்த பெண், தம்முன் நின்றவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அவர் கேள்வி கேட்டபோதும் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லி அழைத்தார், தெரிந்துவிட்டது. உயிர்ப்பின் முதல் சான்று ஒரு பெயர்ச்சொல்லில், எட்டாம் வேற்றுமையில் நிகழ்ந்தது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரங்களில் சாமைக்கு மதிப்பு வந்திருக்கிறது. பொட்டலத்தின் மேல் 'சாமை' என்றுதான் அச்சிடுகிறார்கள். நான் அன்று எழுதிய அளவில்.

திண்ணையில் வாய்மூடிப்போன சிறுவனை அந்த ஆண்டே ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்தபின் தனியாக நிறுத்தி, "உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மலையில் விளையும் தானியங்களின் பெயர்களை எனக்காக எழுதி வா" என்று கேட்டுக்கொண்டேன். விடுமுறைக்கு மலைக்குப் போய்வந்தவன், கோடுபோட்ட தாள் ஒன்றைக் கொடுத்தான். நான்கு பெயர்கள் இருந்தன. எழுத்துப்பிழைகளும் இருந்தன. அவற்றைத் திருத்தாமல் அவனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். மூக்கன்தினை என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். இம்முறை அவனும் சிரித்தான்.